லாமுத் தீவின் விழாக்களும் கேட்போர் கடமையும்

விழாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மேடையைப் பற்றியே எழுதுகின்றனர். யார் பாடினார், யார் ஆடினார், எத்தனை நாள் நடந்தது, எவ்வளவு கூட்டம் வந்தது என்பனவே விழா வருணனையின் பொருளாக அமைந்துவிடுகின்றன. எதிரே அமர்ந்திருந்தவர் என்ன செய்தார் என்னும் கேள்வி எழுவதே இல்லை. வந்தார், கேட்டார், கைதட்டினார், வீடு திரும்பினார் என்ற அளவில் அவருடைய பங்கு முடிந்துவிட்டதாகக் கொள்கிறோம். ஆயினும், எழுத்தைவிடக் குரலையே பெரிதும் நம்பி வளர்ந்த இலக்கியங்களை ஆராய்வோர்க்கு இந்தக் கேள்வியே முதன்மையானது. கேட்போர் இன்றிப் பாட்டு இல்லை என்று பொதுப்படச் சொல்லிவிடலாம். எத்தகைய கேட்போர் இருந்தால் பாட்டு நிலைக்கும் என்று கேட்கும்போதுதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

இந்த நோக்கில் ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானது, ஆப்பிரிக்காவின் கீழைக்கரையில் கென்யா நாட்டின் வட கடலோரத்தை ஒட்டிக் கிடக்கும் லாமு என்னும் சிறு தீவு. சுவாஹிலி மொழியின் பழைய கவிதைப் பள்ளிகளுள் தலையாயது இத்தீவும் இதனை அடுத்த பாத்தே முதலிய தீவுகளும் சேர்ந்த வட்டாரமாகும். ஆண்டுதோறும் இங்கே இரண்டு பெருவிழாக்கள் நிகழ்கின்றன. ஒன்று, நபிகள் நாயகத்தின் பிறப்பைப் போற்றும் மௌலிது விழா; நூறாண்டு கடந்தது. மற்றொன்று, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ய அருங்காட்சியகத் துறையின் முயற்சியால் தோன்றிய லாமு பண்பாட்டு விழா; பெரும்பாலும் நவம்பர் திங்களில் நடைபெறுவது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர், பழையது தூயது, புதியது போலி என்று எளிதில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். அத்தீர்ப்பு சரியன்று என்பதையும், விழாவை அளப்பதற்கு வேறோர் அளவுகோல் உண்டு என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவும் அதன் கவிதையும்

பவளக்கல்லாலும் அலையாத்தி மரங்களாலும் கட்டப்பட்ட வீடுகள், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்துகள், சுமை தூக்கும் கழுதைகள், கடலோரத்தில் நிற்கும் பாய்மரத் தோணிகள் ஆகியவற்றால் ஆனது லாமு நகரம். 2001ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. பருவக்காற்றை நம்பி அரபு நாட்டிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த வணிகர் தங்கிய துறைமுகம் இது. பல மொழி பேசும் மக்கள் கலந்து உறைந்த புகார் நகரைச் சிலப்பதிகாரத்தில் கண்டவர்களுக்கு இந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது.

இவ்வட்டாரக் கவிதையின் யாப்பு நம்மவர் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்கது. நெடும் பாடல்களுக்குரிய ‘உதெண்டி’ என்னும் யாப்பில் ஒவ்வொரு செய்யுளும் நான்கு சிற்றடிகளால் ஆனது. அடிக்கு எட்டு உயிரொலிகள். முதல் மூன்று அடிகளும் தமக்குள் இயைபுத் தொடை பெறும். நான்காம் அடியின் இயைபோ பாட்டின் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாமல் வரும். நூறு செய்யுள் கேட்டாலும் நூறாவது செய்யுளின் கடைசி ஒலி எதுவென்று கேட்போன் முன்கூட்டியே அறிவான். ‘ஷாயிரி’ என்னும் மற்றொரு யாப்பில் நான்கு நெட்டடிகள்; அடிக்குப் பதினாறு உயிரொலிகள்; அவை எட்டு எட்டாகப் பிரிந்து இடையிலும் கடையிலும் இயைபு பெறும். நேரசையில் தொடங்கும் கட்டளைக் கலித்துறையடிக்கு ஒற்றெழுத்து நீக்கி எழுத்துப் பதினாறு என்னும் நம் விதியை இது நினைவூட்டுகிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவு ஏதும் இல்லை. எழுத்தெண்ணிப் பாடும் புலவன் எங்கிருந்தாலும், எண்ணிக் கேட்கும் செவியை நம்பியே பாடுகிறான் என்பதுதான் இங்கு நோக்கற்பாலது.

அந்தச் செவி இருந்ததற்குச் சான்றுகள் பல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாமுவுக்கும் மொம்பாசாவுக்கும் பகை மூண்டபோது, லாமுவின் தலைவர்களுள் ஒருவரான ஸாஹிதி முங்கூமி பாட்டால் அறைகூவினார். எதிர்த்தரப்புப் புலவர்கள் பாட்டாலேயே விடையிறுத்தனர். ஷெலா கடற்கரையில் படைகள் பொருதது ஒருபுறம் இருக்க, பாட்டுப் போரும் நடந்தது. நம் லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பதைப்போல, எதிரியின் யாப்பையும் இயைபையும் உருவகத்தையும் கைக்கொண்டே மறுமொழி சொல்லவேண்டும். விடை வாராத பாட்டு வென்ற பாட்டு. தீர்ப்புச் சொல்லத் தனி நடுவர் வேண்டியதில்லை.

1858ஆம் ஆண்டில், சியு ஊரின் தலைவராயிருந்த பவானா மத்தாக்காவின் மனைவி முவானா குபோனா, நோயுற்ற நிலையில் தம் மகளுக்கு அறிவுரையாக ஒரு பாடல் இயற்றினார். நூறுக்குச் சற்று மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட அப்பாடல், சுவாஹிலிப் பெண்டிர் பலர் மனப்பாடமாக வைத்திருந்த பாடல். வீட்டினுள் பெண்கள் கூடும் அவையே அதன் அரங்கு. கேட்கும் மகள் ஒருநாள் தன் மகளுக்குச் சொல்லவேண்டும் என்பதே அதன் உட்கிடை.

சயித் அப்துல்லாஹ் இயற்றிய ‘அல் இன்கிஷாஃபி’ என்னும் நூலோ பாத்தே நகரின் வீழ்ச்சியைக் கண்டு நெஞ்சுக்கு அறிவுறுத்துவது. சீனக் கலங்கள் அடுக்கியிருந்த சுவர்மாடங்களில் பறவைகள் கூடு கட்டியதையும், விளக்குகள் எரிந்த கூடங்களில் வௌவால்கள் தொங்குவதையும் அது காட்டுகிறது. இந்திர விழா நின்றதனால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். பாத்தேயைக் கடல் கொள்ளவில்லை. கூடுவார் இன்றியே அது அழிந்தது.

லியோங்கோவின் சிறைப்பாட்டு

இக்கட்டுரையின் மையக் கருத்தை இவ்வட்டாரத்துப் பழங்கதை ஒன்றே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஃபூமோ லியோங்கோ என்பவன் வீரனும் பாவலனும் ஆவான். அவன் கதையை லாமுவைச் சேர்ந்த கிஜும்வா என்னும் புலவர் 1913ஆம் ஆண்டளவில் எழுத்தில் வடித்தார். லியோங்கோவை அரசன் சிறையிட்டுக் கொல்லக் கருதுகிறான். தாய் அனுப்பும் நல்ல உணவைக் காவலர் உண்டுவிட்டு மிச்சத்தையே அவனுக்குத் தருகின்றனர். லியோங்கோ ஒரு பாட்டுப் பாடுகிறான். உணவு கொண்டுவரும் பணிப்பெண் சாதா அதைக் கேட்டுத் தாயிடம் சொல்லவேண்டும். தாய் உமி கலந்த முரட்டு அப்பம் சுட்டு, அதனுள் அரத்தை மறைத்து அனுப்பவேண்டும். முரட்டு அப்பத்தைக் காவலர் தீண்டவில்லை; அரம் கைக்கு வருகிறது. பின்னர், சாவதற்கு முன் ‘குங்கு’ என்னும் ஆட்டப்பாட்டு நிகழவேண்டுமென்று லியோங்கோ வேண்டுகிறான். ஊர் கூடுகிறது, பறையும் கொம்பும் ஒலிக்கின்றன, அந்த ஒலியின் மறைவில் அவன் தன் விலங்கை அராவி அறுத்துக்கொண்டு வெளியேறுகிறான்.

இக்கதையில் கேட்போர் இரு வகையினர். காவலரும் பாட்டைக் கேட்டனர், சாதாவும் கேட்டாள். காவலருக்கு அது பொழுதுபோக்கு. சாதாவுக்கு அது செய்யவேண்டிய வேலை. ஒரே பாட்டு, ஒரே குரல், ஒரே வேளை. லியோங்கோவின் உயிர் சாதாவின் செவியில் இருந்தது. விழாக்களை மதிப்பிடுவதற்கு இதனினும் நல்ல அளவுகோல் தேடவேண்டியதில்லை. ஒரு விழா தனக்கு வருவோரைக் காவலராக்குகிறதா, சாதாவாக்குகிறதா என்பதே கேள்வி.

மௌலிது: பழமை என்று நாம் நினைக்கும் புதுமை

மௌலிது விழாவை லாமுவில் இன்றுள்ள வடிவில் நிலைநிறுத்தியவர் ஹபீப் ஸாலிஹ் என்னும் பெரியார். அவர் லாமுவில் பிறந்தவர் அல்லர். கொமொரோத் தீவுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து குடியேறியவர். நகரின் உயர்குடியினர் வாழ்ந்த பகுதியை விடுத்து, எளியோரும் அடிமை வழியினரும் குடிசை கட்டி வாழ்ந்த தென்பகுதியைச் சார்ந்தே அவர் தம் பணியைத் தொடங்கினார். கல்வி பெற உரிமையற்றவர் என்று ஒதுக்கப்பட்டோருக்குத் திருமறையும் அரபும் கற்பித்தார். ரியாதா என்னும் பள்ளிவாசலும் அதனைச் சார்ந்த கல்விக்கூடமும் அவ்வாறு எழுந்தன. 1935ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

ஹள்ரமௌத் நாட்டில் அலி அல் ஹப்ஷி என்பார் இயற்றிய மௌலிது நூலை ஓதும் முறையை ஹபீப் ஸாலிஹ் இங்கே பரப்பினார். கூட்டமாகப் பாடுவதும், வட்டப்பறை கொட்டுவதும் அந்த முறையில் இடம்பெற்றன. நாகூரில் பக்கீர்கள் கையில் காணும் தாயிராவை அறிந்தவர்கள் இந்தப் பறையின் வடிவை எளிதில் உணர்ந்துகொள்வர். மௌலிது ஓதும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடையேயும் வேரூன்றியிருப்பதால், காயல்பட்டினத்துக்கும் நாகூருக்கும் லாமு கேள்விப்படாத ஊராயினும் அதன் விழா கேள்விப்படாத விழா அன்று.

அன்று லாமுவின் மேட்டுக்குடியினர் பலர் இதனை வரவேற்கவில்லை. வழிபாட்டில் பறையா, அடிமை வழியினர் முன்வரிசையிலா, வந்தேறி ஒருவர் ஊருக்கு வழி சொல்வதா என்றெல்லாம் எதிர்ப்பு எழுந்தது. இந்த வரலாற்றை 1974ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆய்வு நூலில் அப்துல் ஹமீத் எல் ஸைன் விரிவாக எடுத்துரைத்துள்ளார். இன்று பழமையின் சின்னமாகப் போற்றப்படும் விழா, தோன்றிய நாளில் புதுமை என்று பழிக்கப்பட்ட விழா. அயலவர் கொண்டுவந்த விழா. ஆகவே புதுமையையோ அயன்மையையோ குற்றமாக்கி ஒரு விழாவை ஒதுக்குவோர்க்கு லாமுவின் வரலாறு துணை நில்லாது.

அவ்வாறாயின் மௌலிதின் வலிமை எங்கே இருக்கிறது? வருவோர் அனைவருக்கும் அது ஒரு தொழிலைத் தருகிறது என்பதில் இருக்கிறது. ரபீஉல் அவ்வல் மாதத்தின் இறுதி வாரத்தில் கொமொரோவிலிருந்தும் ஸான்ஸிபாரிலிருந்தும் கென்யக் கரையெங்குமிருந்தும் மக்கள் வந்து சேர்கின்றனர். ஓதுவோர் ஓத, கூடியிருப்போர் விடைப்பகுதியை ஏற்றுப் பாடவேண்டும். நபி பிறப்பைக் கூறும் இடம் வந்ததும் அவை முழுவதும் எழுந்து நிற்கவேண்டும். நீண்ட அங்கி அணிந்த ஆடவர் வரிசையாக நின்று கைத்தடிகளை ஏந்தி மெல்ல அசைந்தாடும் ‘கோமா’ ஆட்டத்தில் முதியவரும் நிற்பர், சிறுவரும் நிற்பர். அருகில் நிற்பவரின் அசைவைப் பார்த்தே அடுத்தவர் கற்கிறார். இறுதியில் ஹபீப் ஸாலிஹின் அடக்கத்தலத்தில் கூடிப் பள்ளிவாசல் நோக்கிப் பாடிச் செல்லும் ஊர்வலத்தில் பார்ப்போர் என்று தனியே ஒரு வரிசை இருப்பது அரிது. வழியோரம் நிற்பவரும் விடைப்பாட்டை அறிந்தவரே.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். பள்ளிவாசல் முற்றத்தின் பாட்டும் ஆட்டமும் ஆடவர்க்கே உரியன. முவானா குபோனாவைத் தந்த நிலத்தில், பெண்ணின் குரல் விழாவின் நடுவிடத்தைப் பெறவில்லை. அடிமை வழியினர்க்கு இடம் கொடுத்துப் புரட்சி செய்த விழா, அந்த இடத்தை மற்றொரு பாதிக்கும் விரித்திருந்தால் அதன் பெருமை இன்னும் ஓங்கியிருக்கும்.

பண்பாட்டு விழா: நிகழ்ச்சிதோறும் ஒரு தீர்ப்பு

இனி, புதிய விழாவுக்கு வருவோம். பாய்மரத் தோணிப் போட்டி, கழுதைப் பந்தயம், நீச்சல், பாவோ ஆட்டம், மருதாணி இடுதல், மரச்செதுக்கு, மணமகள் அலங்காரம், கவிதைப் போட்டி எனப் பலவும் இதில் இடம்பெறுகின்றன. வெளிநாட்டுப் பயணிகளை ஈர்க்கவேண்டும் என்னும் நோக்கமும் இதற்கு உண்டு. அந்த நோக்கம் இருப்பதனாலேயே விழாவைப் பழிப்பது திறனாய்வு ஆகாது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியே எடுத்து, அதில் கேட்போனும் காண்போனும் எந்நிலையில் வைக்கப்படுகின்றனர் என்று பார்க்கவேண்டும்.

கழுதைப் பந்தயத்தை முதலில் கொள்வோம். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் கழுதையே வண்டியாகவும் சரக்கு ஊர்தியாகவும் விளங்கும் ஊரில் அது வேடிக்கை மட்டும் ஆகாது. நாள்தோறும் மணலும் கல்லும் சுமக்கும் விலங்கை, நாள்தோறும் அதனோடு உழைக்கும் இளைஞன் ஓட்டுகிறான். பார்ப்போர்க்குக் கழுதையும் தெரியும், ஓட்டுபவனும் தெரியும். தோணிப் போட்டியிலும் அவ்வாறே. காற்று எப்போது திரும்பும், பாயை எந்தக் கணத்தில் மாற்றினால் முந்தலாம் என்பதைக் கரையில் நிற்கும் மீனவர் அறிவர். அவர்தம் கூக்குரல் வெறும் ஆரவாரம் அன்று, அறிந்தோர் தீர்ப்பு. பாவோ என்பது நம் பல்லாங்குழிக்கு உறவான ஆட்டம். நான்கு வரிசையில் முப்பத்திரண்டு குழிகளும் அறுபத்து நான்கு காய்களும் கொண்டது. பலகையைச் சுற்றி நிற்கும் முதியோர் ஒவ்வொரு காய்நகர்வையும் மனத்துள் தாமும் ஆடிப்பார்க்கின்றனர். இம்மூன்றும் பயணிகளுக்காகவும் நடத்தப்படலாம். ஆயினும் ஊரார் இவற்றில் வெறுங்காட்சியாளர் ஆகிவிடவில்லை. புதிய விழாவின் வெற்றி இங்கே இருக்கிறது.

மணமகள் அலங்காரத்தில் நிலைமை மாறுகிறது. சுவாஹிலி மரபில் மணமகளைப் பெண்கள் அவைக்குக் காட்டும் சடங்கு உண்டு. அங்கே கூடுவோர் பெண்கள் மட்டுமே. அவர்கள் பாடுவர், கொம்புகளைச் சிறு கோலால் தட்டித் தாளம் எழுப்புவர், அறிவுரை கூறுவர், கேலியும் பேசுவர். மணமகள் பேசாதிருப்பாள், சுற்றியுள்ள அவை முழுவதும் அவளுக்காகப் பேசும். அச்சடங்கைத் திறந்த மேடைக்குக் கொண்டுவரும்போது எஞ்சுவது எது? அசையாமல் அமர்ந்த பெண்ணும், அவள் மருதாணியும், அவள் அணிகலனும். பேசிய அவை போய்விட்டது. பேசாத பெண் மட்டும் நிற்கிறாள். தாய் மகளுக்குரைத்த பாடலே செவ்விலக்கியமாகத் திகழும் ஊரில், அந்தக் குரலை விடுத்துக் கோலத்தை மட்டும் காட்டுவது இலக்கிய நோக்கில் பேரிழப்பு.

கவிதைப் போட்டியைப் பற்றியும் இரு வகையாகச் சொல்லவேண்டும். இளம் பாவலர்க்கு மேடை கிடைப்பது நன்மையே. ஆயினும் போட்டி என்னும் அமைப்பு, தீர்ப்பளிக்கும் உரிமையை அவையிடமிருந்து எடுத்து நடுவரிடம் கொடுத்துவிடுகிறது. முங்கூமியின் பாட்டுக்கு மதிப்பெண் இட்டவர் எவரும் இல்லை. எதிர்ப்பாட்டு வந்ததா இல்லையா என்பதே மதிப்பெண். விடை கூறும் வழக்கத்தை விழா மீட்டெடுக்குமாயின், அதாவது ஒருவர் பாடியதற்கு மற்றவர் அதே யாப்பில் அங்கேயே மறுமொழி சொல்லும்படி அமைக்குமாயின், அவை மீண்டும் காது கொடுக்கும்.

இங்கே மொழியும் ஒரு சிக்கலை விளைவிக்கிறது. லாமுவின் பழங்கவிதை அவ்வூர்ப் பேச்சான கியாமு வழக்கில் அமைந்தது; அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1930ஆம் ஆண்டில் அமைந்த மொழிக்குழு, ஸான்ஸிபார் நகர வழக்கை அடிப்படையாகக் கொண்ட பொதுச் சுவாஹிலியை உரோமன் எழுத்தில் நிலைப்படுத்தியது. பள்ளியும் வானொலியும் செய்தித்தாளும் அதையே கொண்டன. நாடு முழுவதற்கும் ஒரு மொழி கிடைத்தது உண்மை. கவிதைக்கே உரிய உயர்வழக்கு என்று ஒருகாலத்தில் போற்றப்பட்ட கியாமு, தன் ஊர்ப் பிள்ளைகளுக்கே அரும்பதவுரை வேண்டும் நிலைக்கு மெல்ல நகர்ந்ததும் உண்மை. எட்டு ஒலியை எண்ணும் செவி இருந்தாலும், சொல்லின் பொருள் விளங்காவிடில் பாட்டு இசையாக மட்டுமே எஞ்சும். அப்போது ஊர்ப்பிள்ளையும் காவலர் வரிசைக்குப் போய்விடுவான்.

இரவல் இசையும் இறக்குமதி விழாவும்

தூய்மை நோக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதற்குச் சுவாஹிலி இசையே சான்று. ஸான்ஸிபாரின் புகழ்பெற்ற பாடகி சித்தி பின்த் சாத், 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்குக் கப்பலேறி வந்து இசைத்தட்டுகளுக்காகப் பாடினார். அரபு மொழிக்கே உரியதாயிருந்த தாரப் இசையைச் சுவாஹிலிச் சொல்லால் நிரப்பி எளிய மக்களிடம் கொண்டுசேர்த்தவர் அவர். மொம்பாசாவின் ஜூமா பாலோ என்பார் இந்தித் திரைப்பட மெட்டுகளில் சுவாஹிலிக் கவிதையை அமைத்துப் பல்லாண்டுகள் பாடினார். 2014ஆம் ஆண்டில் மறைந்தார். பம்பாயில் வாழும் தமிழர் அந்த மெட்டைக் கேட்டால் தெருமுனையில் கேட்ட பாட்டென்று திடுக்கிடுவர். மெட்டு இரவல்தான், ஆனால் சொல்லும் யாப்பும் குத்தலும் ஊருடையவை. திருமண வீட்டில் அதைக் கேட்ட சுவாஹிலிப் பெண், எந்த அடி யாரைச் சுடுகிறது என்பதை அறிந்து சிரித்தாள். கேட்போர் விழித்திருந்ததனால் இரவல் மெட்டும் ஊர்ச்சொத்தாயிற்று.

இதனோடு ஒப்பிட, அண்மைக் காலத்தில் லாமுவில் நடத்தப்படும் யோகத் திருவிழாவை நினைக்கலாம். அதுவும் நம் நாட்டிலிருந்து சென்றதே. அதில் தவறொன்றும் இல்லை. வருவோர்க்கு உடல்நலம், விடுதிகளுக்கு வருவாய். ஆனால் அவ்விழா லாமுவில் நடக்கிறதே அன்றி, லாமுவை எதுவும் கேட்பதில்லை. கடலும் மணலும் போதும். ஊராரின் செவியோ சொல்லோ அதற்குத் தேவைப்படவில்லை.

பயணிகள் வாராத ஆண்டுகள்

பயணிகளின் பணம் இன்றி விழா எப்படி நடக்கும் என்று கேட்பது நியாயமே. இக்கேள்விக்குக் காலமே ஒரு சோதனை வைத்தது. 2011ஆம் ஆண்டில் லாமுத் தீவுக்கூட்டத்தில் வெளிநாட்டவர் கடத்தப்பட்டனர். 2014ஆம் ஆண்டு ஜூன் திங்களில், எதிர்க்கரைப் பெருநிலத்தில் உள்ள எம்பெக்கெட்டோனியில் பயங்கரவாதிகள் பலரைக் கொன்றனர். மாவட்டம் முழுவதும் இரவு ஊரடங்கு வந்தது. அயல்நாட்டு அரசுகள் தம் மக்களை அங்கே செல்லவேண்டாம் என்று எச்சரித்தன. விடுதிகள் வெறிச்சோடின, தோணிக்காரரும் வழிகாட்டிகளும் வருவாயிழந்தனர். அவர்கள் பட்ட துன்பத்தை மறந்து, பயணிகள் வேண்டாம் என்று எவரும் எளிதாகப் பேசிவிடலாகாது. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. பார்ப்போரையே நம்பிய நிகழ்ச்சி பார்ப்போர் வாராவிடில் நடத்துவதற்கே காரணமின்றி நிற்கும். தானே விழாவாக வந்து நிற்கும் கூட்டத்தை நம்பிய நிகழ்ச்சிக்கு அந்த இடர் இல்லை.

2021ஆம் ஆண்டில் லாமுவின் எதிர்க்கரையில் பெருந்துறைமுகத்தின் முதல் தளம் திறக்கப்பட்டது. புதிய தொழில், புதிய மக்கள், புதிய மொழிகள் வருகின்றன. ஹபீப் ஸாலிஹின் காலத்தைப்போலவே இன்றும் ஊர் ஒரு திருப்பத்தில் நிற்கிறது. வருவோர்க்கு அவையில் இடமும் வேலையும் கொடுக்கும் ஆற்றல் லாமுவின் கவிதைக்கு இன்னும் இருக்கிறதா என்பதே எதிர்காலத்துக் கேள்வி.

நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. லாமுவில் ரொட்டி சுடுபவராகவும் பள்ளிவாசல் இமாமாகவும் வாழ்ந்து, அவ்வூர் வழக்கிலேயே பாடல் இயற்றிவரும் உஸ்தாத் மஹ்மூத் மௌ என்பவரின் பணி அதற்குச் சான்று. 1970-களில் அங்கே நடந்த தேர்தல் போட்டியின்போது ‘கிமோண்டோ’ என்னும் பெயரால் எழுந்த பாட்டும் எதிர்ப்பாட்டும் ஒலிநாடாக்களில் பதிவாகி வீடுதோறும் சுற்றின. அவற்றிலும் அவர் பங்கு உண்டு. படிக்கச் செல்லும் பெண்மக்களுக்கு அவர் இயற்றிய அறிவுரைப் பாடல் முவானா குபோனாவின் வழியில் வந்தது; அதுவும் ஒலிநாடா வழியே பரவியது. 2023ஆம் ஆண்டில் அவருடைய பாடல்கள் ஆங்கில மொழிபெயர்ப்புடன் தொகுப்பாக வெளிவந்தன. மேடை இல்லாத நாளிலும் கடைத்தெருவிலும் அடுக்களையிலும் கேட்கப்பட்ட பாடல்கள் இவை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா, ஆண்டு முழுவதும் கேட்கும் பழக்கத்தின் அறுவடை நாள். விதைக்காத ஊரில் அறுவடை விழா நடத்த முடியாது.

நமக்கு ஒரு சொல்

பிறந்த மண்ணைவிட்டு வந்து இந்தியப் பெருநகரங்களில் வாழும் நாமும் ஆண்டு விழா எடுப்பவர்கள்தாம். லாமுவைப் பற்றிக் கூறிய தீர்ப்பு நம் வாயிலிலும் வந்து நிற்கும். பொங்கல் விழாவில் பட்டுப்பாவாடை உடுத்தி மேடையேறும் நம் குழந்தை, தான் ஆடும் பாட்டின் பொருளை அறிகிறதா? கவியரங்கில் நல்ல அடி வரும்போது ‘மீண்டும் ஒருமுறை’ என்று கேட்கும் குரல் முன்பு அவையிலிருந்து எழுந்தது. அது யாப்பறிந்த செவியின் குரல். அக்குரல் குறைந்து கைதட்டல் மிகுந்திருந்தால், நம் அவையும் சாதாவின் இடத்திலிருந்து காவலரின் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.

இதற்குப் பெரும்பொருட்செலவு வேண்டியதில்லை. விழாவுக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு வெண்பாவையேனும் பொருளோடு மனப்பாடம் செய்து வரட்டும். அதன் ஈற்றடியை மேடையில் சொன்னால், முன்னடிகளை அவையிலிருக்கும் பிள்ளைகள் எழுந்து சொல்லட்டும். வயதில் மூத்தவர் ஒருவர் பழமொழியோ விடுகதையோ தொடுத்தால், இளையவர் ஒருவர் அங்கேயே விடை தொடுக்கட்டும். முவானா குபோனா நோய்ப்படுக்கையில் மகளிடம் எதிர்பார்த்ததும் இவ்வளவே. மகள் கேட்டாள், மனத்தில் கொண்டாள், பின்வந்தோர்க்குச் சொன்னாள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அப்பாடல் நம் கைக்கு எட்டியிருப்பது அந்த ஒரு மகள் செய்த வேலையால்தான்.